சாணியில் தெரிந்த வைக்கோல்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, மாடு வளர்ப்பதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. நான் பிறந்தது தொட்டியத்தில். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழை. எங்கள் வீட்டு மாடுகள் வாழைத்தண்டையும் வரப்புப் புல்லையும் தின்று வளர்ந்தவை. வைக்கோல் எப்போதாவது விலைக்கு வாங்குவோம். அதில் ரகம் உண்டு, ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

கணவருக்கு ரயில்வேயில் வேலை. காலையில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். கொள்ளிடக் கரைப்பக்கம் வீடு. பின்னால் நீளமான கொல்லை, அதில் நான்கு கறவைப் பசுக்கள். நான் வந்த ஆறு மாதத்துக்குள் மாட்டு வேலை முழுவதையும் மாமியார் என் கையில் விட்டுவிட்டார். தீனி வைப்பது, கறப்பது, சித்திரை வீதி வீடுகளுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது, சாணியை வரட்டி தட்டிக் காயவைப்பது எல்லாம் நான்தான்.

மண்ணச்சநல்லூருக்கு அப்பால் குடும்ப நிலம் இருந்தது. பங்கு பிரிக்கவில்லை. கணவரின் அண்ணன் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தார். எங்கள் வழக்கத்தில் கணவரின் அண்ணனை மச்சாண்டார் என்போம். அவர் எதிரில் நான் நிற்பதில்லை, அவரும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார், அது எனக்கு வந்து சேரும். வருஷத்துக்கு வேண்டிய அரிசியும் மாடுகளுக்கு வேண்டிய வைக்கோலும் அவரிடமிருந்து வண்டியில் கொள்ளிடம் பாலம் தாண்டி வரும்.

வைக்கோலைப் பற்றி நான் கற்றது வரட்டி தட்டும்போதுதான். தினமும் நாலு மாட்டுச் சாணியையும் கையால் பிசைகிறவளுக்குச் சில விஷயங்கள் தானாகவே தெரிந்துவிடும். தை மாதம் அறுத்த கிச்சிலிச் சம்பா வைக்கோல் தின்னும் நாட்களில் சாணி பிசைந்த மாவு மாதிரி இழையும். வரட்டி வழவழப்பாக வரும். ஐப்பசி மழையில் நனைந்த குறுவை வைக்கோல் போட்டால் சாணி இளகும், வாடையும் மாறும். விரலில் நெருநெருவென்று தாள் துண்டு குத்தினால், மாடு தின்றதில் பாதி கரையாமலே வெளியே வருகிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே மாடு எந்த வைக்கோலைத் தின்றது என்று சொல்லிவிடுவேன் என்று ஒருநாள் மாமியாரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடை வாசலில் ஜனங்கள் கால் கடுக்க நின்ற காலம். அப்போதுதான் ஜீப்பில் அதிகாரிகள் வந்து புது நெல் விதை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் குட்டை நெல் என்று பெயராகிவிட்டது. இடுப்பளவுகூட வளராது, காற்றடித்தால் சாயாது, கதிர் மட்டும் கனமாகத் தொங்கும். மச்சாண்டார் துணிந்து பாதி நிலத்தில் போட்டார். அந்தப் போகம் களத்தில் குவிந்த நெல்லைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துபோனார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மூட்டைகளைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பின்னாலேயே வைக்கோலும் வந்தது. கட்டையாக, தடித்துப்போய், இலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது. உதறிப் போட்டதில் என் முன்கை முழுவதும் கீறல். மாடுகள் முகர்ந்து பார்த்தன. பசிக்குத் தின்றன. பத்துப் பதினைந்து நாளில் சாணி மாறிவிட்டது. வரட்டி தட்டினால் ஓரம் வெடித்து உதிர்ந்தது. பாலும் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாமி என்னை நிறுத்தினார். கோயில் கைங்கரியக் குடும்பம். நான் முதன்முதலாகப் பால் ஊற்றத் தொடங்கிய வீடு. மரியாதைக்குக் குறைவாக ஒரு வார்த்தை பேசாதவர். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"பெருமாளுக்கு அமுது பண்றதுக்கு இந்தப் பால்தானேம்மா. முன்ன மாதிரி இல்லையே. காவேரியும் கொஞ்சம் சேர்ந்துடறதோ?"

பாலில் தண்ணீர் சேர்ப்பது என்பது எங்கள் வீட்டில் பேச்சுக்குக்கூட வராத விஷயம். மறுநாள் காலை சிவப்புப் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையிலிருந்து சித்திரை வீதிவரை நடந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று கேட்டார்கள். மாமி வீட்டு வாசலில் பசுவை நிறுத்தி, அவர்கள் வீட்டுப் பாத்திரத்தையே கேட்டு வாங்கிக் கழுவி, அவர் கண் எதிரில் கறந்து கொடுத்தேன்.

அவர் பாலைச் சாய்த்துப் பார்த்தார். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் ஓடியது. நேற்றைய பால் மாதிரியேதான் இருந்தது.

"அபசாரமா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே," என்றார் மாமி. "ஆனா பசுவுக்கு ஏதோ குறை இருக்கு, கவனி" என்றார்.

திரும்பி நடக்கும்போது அழுகை வந்தது. திருவெள்ளறைச் சந்தையில் மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கிய வம்சம் அந்தப் பசு. வாசலில் நின்று பால் கறந்து நம் நாணயத்தைக் காட்டுகிற நிலைமைக்கு ஒரு வைக்கோல் கொண்டுவந்துவிட்டதே என்று ஆத்திரமாக இருந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரச்சொன்னோம். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். சைக்கிளில் வந்தார். நாலு பசுவையும் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, வயிறு காலியாகவும் இல்லை, ஆனால் தின்றது உடம்பில் சேரவில்லை என்றார். நான் வைக்கோல்தான் காரணம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சாணியைப் பிசைந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் குனிந்து ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மாமியார் மூலமாக மச்சாண்டாருக்குச் செய்தி போனது. அடுத்த முறை ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர் முற்றத்தில் நின்றபடி, எனக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித் தன் அம்மாவிடம் பேசினார். ஊரே இந்த நெல்லைக் கொண்டாடுகிறது, இவளுக்கு மட்டும் குறையா, தவிட்டையும் புண்ணாக்கையும் குறைத்திருப்பாள், பழி வைக்கோல்மேல் விழுகிறது என்றார். மாமியார் என் பக்கம் பேசினார். ஆனால் அவருடைய காரணம் வேறு. பழைய நெல் எல்லாம் நல்லது, புது நெல் எல்லாம் கெட்டது, அவ்வளவுதான். எனக்கு அதுவும் சரியாகப்படவில்லை. ஒன்றைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

சிவப்புப் பசுவும் சாம்பல் நிற மயிலைப் பசுவும் ஒரே மாதத்தில் கன்று போட்டவை. இரண்டையும் தனியாகக் கட்டினேன். சிவப்புக்குக் குட்டை நெல் வைக்கோல், மயிலைக்கு மிச்சமிருந்த கிச்சிலிச் சம்பா வைக்கோல். தவிடு, புண்ணாக்கு, கழுநீர் எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. பச்சைப்புல் கிடையாது. இரண்டு வாரம் கழித்து ஒவ்வொன்றின் சாணியிலும் ஒரு கொட்டாங்கச்சி அளவு எடுத்து, மாவு சலிக்கிற சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினேன். கரைந்தது எல்லாம் ஓடிவிட்டது. மீந்த சக்கையை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். அந்தச் சல்லடை இனி அடுக்களைக்குள் வரக்கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டார். அது நியாயம்தான்.

சிவப்புப் பசுவின் சக்கை இரண்டு கை நிறைய இருந்தது. தாள் துண்டுகள் வெட்டிப்போட்ட மாதிரி முழுசாகக் கிடந்தன. மயிலையின் சக்கை ஒரு கைக்கும் குறைவு, மெல்லிய நாராக இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட மச்சாண்டார், மாடு மாறினால் வயிறும் மாறும், இதெல்லாம் ஒரு கணக்கா என்று சொல்லி அனுப்பினார். கோபம் வந்தாலும், யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானது. அதனால் வைக்கோலை மாற்றிப் போட்டேன். மயிலைக்குக் குட்டை, சிவப்புக்குச் சம்பா. இரண்டு வாரத்தில் சக்கையும் இடம் மாறியது. மயிலையின் முறம் நிறைந்தது, சிவப்பின் முறத்தில் சக்கை குறைந்தது. மாமி வீட்டிலிருந்து, சிவப்புப் பசுவின் பாலில் ஆடை பழையபடி கட்டுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கும் மச்சாண்டாரிடம் ஒரு பதில் இருந்தது. சம்பா வைக்கோல் களத்தில் மாடு கட்டி மிதித்து நெல் பிரித்தது, மெத்தென்று இருக்கும். குட்டை நெல்லைக் கையால் அடித்ததோடு விட்டுவிட்டோம், அதனால்தான் விறைப்பு என்றார். அதையும் நான் தள்ளவில்லை. அப்படியானால் அதையும் மாடு கட்டி மிதித்து ஒரு கட்டு அனுப்பச் சொல்லுங்கள், களத்தில் வேறென்ன நெல் இருக்கிறதோ அதிலும் ஒவ்வொரு கட்டு ஒரே மாதிரி மிதித்து அனுப்பச் சொல்லுங்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். மச்சாண்டார் அனுப்பினார். பிடிவாதக்காரர்தான், ஆனால் பரீட்சைக்குப் பயந்தவர் இல்லை.

நாலு கட்டு வந்தது. மிதித்த குட்டை, கிச்சிலிச் சம்பா, மோட்டாச் சம்பா, அப்புறம் அவர் ஒரு வயலில் மட்டும் போட்டுப் பார்த்த இன்னொரு புது நெல். இந்த இரண்டாவது புது நெல் குட்டையைவிட ஒரு சாண் உயரம், தாள் மெலிசு. டாக்டரும் விஷயம் தெரிந்து வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து எட்டிப்பார்த்தார். ஒவ்வொரு வைக்கோலையும் முதலில் ஒரு பசுவுக்கும் அப்புறம் மற்றதற்கும் போட்டுச் சோதித்து முடிக்க ஆடி பிறந்துவிட்டது.

முடிவு யாருக்கும் பிடித்த மாதிரி வரவில்லை. மிதித்ததால் குட்டை வைக்கோலைப் பசுக்கள் கொஞ்சம் அதிகமாகத் தின்றன, ஆனால் கரையவில்லை. முறம் பழையபடி நிறைந்தது. மச்சாண்டார் தோற்றார் என்று மாமியார் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் மோட்டாச் சம்பாவோடு போனது. ஆளுயரம் வளர்ந்து, தங்க நிறத்தில், பார்க்க லட்சணமாக இருக்கிற வைக்கோல் அது. அதன் சக்கையும் கிட்டத்தட்டக் குட்டையின் அளவுக்கு இருந்தது. இரண்டாவது புது நெல்லோ கிச்சிலிக்குச் சமமாகக் கரைந்தது. ஒருமுறை அதைவிட நன்றாகவே கரைந்தது.

மாமியார் நம்ப மறுத்தார். மோட்டா வைக்கோலை அவர் பிறந்த வீட்டிலும் மாட்டுக்குப் போட்டிருக்கிறார்களாம். எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அந்த வாரம் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை வேய ஆள் வந்தார். எந்த வைக்கோல் வேண்டும் என்று கேட்டேன். மோட்டாதான் வேண்டும், மூணு மழைக்கும் மக்காது, கிச்சிலி போட்டால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்றார். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். மழையிலேயே மக்காத தாள் மாட்டு வயிற்றில் எப்படிக் கரையும்? உயரமும் நிறமும் பழசும் புதுசும் காரணமில்லை, அந்தந்த நெல்லின் தாளுக்கு ஒரு குணம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மாமியாரும் அதற்குப் பிறகு வாதாடவில்லை.

நாலு வைக்கோலின் சக்கையையும் காகிதத்தில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, நெல்லின் பெயரை மேலே எழுதி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாண்டார் வந்தார். மாமியார் பொட்டலங்களை முற்றத்தில் வரிசையாகப் பிரித்து வைத்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து, கசக்கி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பாமலே, கதவுப் பக்கம் குரல் கொடுத்து, என்னிடம் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, சம்பா பட்டத்துக்கு நாத்து விடணும். என்ன நெல்லு போடலாம், நீயே சொல்லு."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இந்தப் பதிலுக்காகத்தான் அத்தனை மாதம் சாணி அலசியிருக்கிறேன்.

"குட்டையை விட்டுடாதீங்க. நமக்குச் சோறு போடற நெல்லு அது," என்றேன். "வாய்க்கால் ஓரத்து ரெண்டு வயல்ல மட்டும் அந்த இன்னொரு புது நெல்லைப் போடுங்க. அந்த வைக்கோல் மாட்டுக்கு இருக்கட்டும். மோட்டா கூரைக்குப் போதும்."

சரி என்று எழுந்து போனார். அந்தப் பட்டத்தில் அப்படியே செய்தார். அடுத்த தையில் வந்த வைக்கோலைப் பசுக்கள் கூளம்கூட மிச்சம் வைக்காமல் தின்றன. சித்திரை வீதியில் புதிதாக மூன்று வீடுகள் பால் கேட்டன. இருக்கிற நாலு மாட்டில் அவ்வளவுதான் கறக்கும், முடியாது என்று சொன்னேன். முடியாது என்று சொல்வதில் எவ்வளவு பெருமை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வருஷம் மண்ணச்சநல்லூர்ப் பக்கம் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அரிசி மில் ஒன்றின் களத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நாங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்ததால் பெண்களும் ஓரமாக நின்று கேட்டோம். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி புது நெல்லைப் பற்றி நன்றாகவே பேசினார். ஒரு விவசாயி எழுந்து, விளைச்சல் சரி, மாடு தின்ன மாட்டேன் என்கிறதே என்றார். அதிகாரி, பழகினால் தின்னும் என்றார். தின்றாலும் கரையவில்லையே என்று இன்னொருவர் சொன்னார். பேச்சு வளர்ந்தது. சத்தம் கொஞ்சம் அடங்கியதும் என் மச்சாண்டார் எழுந்தார்.

"அதை எங்க வீட்டுல சோதிச்சுப் பாத்தாச்சுங்க. என் தம்பி சம்சாரம் இங்கதான் நிக்கிது. அதையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கணவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தேன். சல்லடை, கொட்டாங்கச்சி, முறம் என்று ஆரம்பித்ததும் சிலர் சிரித்தார்கள். மாட்டை மாற்றிப் பார்த்ததையும், வைக்கோலை ஒரே மாதிரி மிதித்து வாங்கியதையும் சொன்னபோது சிரிப்பு நின்றது. மோட்டாவைப் பற்றிச் சொன்னதும் வயதானவர் ஒருவர், தன் உழவு மாடுகள் மோட்டா தின்றால் நாலு நாள் மந்தமாகத்தான் இருக்கும், ஏனென்று இதுவரை தெரியவில்லை என்றார். அதிகாரி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். விளைச்சலைச் சொல்லும்போது இனி வைக்கோலையும் சேர்த்துச் சொல்கிறேன் என்று அவர் எல்லோர் எதிரிலும் சொன்னது எனக்குப் பிடித்தது.

அதன்பிறகு நாற்று விடும் சமயத்தில் எங்கள் கொல்லைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முக்கொம்புப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆறு விதமான வைக்கோலைப் பிடிப்பிடியாகக் கட்டி எடுத்துவந்தார். கையில் வாங்கி முறுக்கிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். முறுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரியாது, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுக் கொடுங்கள், மாடு சொல்லும் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அடுத்த வருஷமும் வந்தார் என்று நினைக்கிறேன்.

டாக்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போவதற்கு முந்தின நாள் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு வந்தார். நான் செய்த சோதனையை ஒழுங்காக எழுதி மேலிடத்துக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். மாட்டுத்தொட்டியின் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே வந்தார். எத்தனை நாள் போட்டேன், எவ்வளவு தவிடு, எந்த நேரத்துச் சாணி என்று விடாமல் கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இதைச் செஞ்சது நீங்க. உங்க பேரைப் போடலாமாங்க? இல்லே, வீட்டுக்காரர் பேரா?"

"என் பேரையே போடுங்க," என்றேன்.

எழுதிக் காட்டினார். அதில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னேன்.